லைசினுக்கு எதை நம்பலாம்: தானியமா, பருப்பா, பாலும் முட்டையுமா, மாத்திரையா?

புரதத்தைக் கிராம் கணக்கில் எண்ணுபவர்கள், அந்தப் புரதத்துக்குள் லைசின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில், உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாத ஒன்பதனுள் ஒன்றான இது, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரத இழைகளைப் பிணைத்து உறுதியாக்கவும், கொழுப்பு அமிலங்களைச் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் கார்னிடின் உருவாகவும் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 1,800 மில்லிகிராம் ஆகிறது.

தானியம் சறுக்குவது இங்கேதான். நூறு கிராம் மைதாவில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் இருந்தும், லைசின் 250 மில்லிகிராமைக்கூட எட்டுவது அரிது. அரிசிப் புரதத்தின் தரம் சற்று மேல் என்றாலும், அரிசியில் புரதமே குறைவு என்பதால் முடிவு பெரிதாக மாறிவிடுவதில்லை. 1914-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் கோதுமையில் உள்ள கிளையடின் என்ற புரதத்தை மட்டுமே கொடுத்து வளர்த்த எலிகள் எடை குறையாமல் இருந்தனவே தவிர வளரவில்லை. லைசினைச் சேர்த்த பிறகே அவை வளரத் தொடங்கின. போதாததற்கு, லைசின் மூலக்கூறின் பக்கவாட்டுக் கிளையில் (பக்கச்சங்கிலி) உள்ள அமினோ தொகுதி, சூட்டில் சர்க்கரையோடு எளிதில் வினைபுரியக்கூடியது. ரொட்டியைப் பொன்னிறமாக வாட்டும்போது நிறமும் மணமும் ஏறுகின்றன, உடலுக்குப் பயன்படும் லைசின் குறைகிறது.

பருப்பின் கதை நேர் எதிரானது. நூறு கிராம் உலர்ந்த மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 1,700 மில்லிகிராம் லைசின் உண்டு. அதில் குறைவது மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம். அதைத் தானியம் ஈடுசெய்துவிடும். இரண்டையும் ஒரே வேளையில் உண்டாக வேண்டும் என்ற கண்டிப்பும் இல்லை, ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும். முட்டையோடும் பாலோடும் ஒப்பிட்டால் பருப்பின் செரிமானத்திறன் குறைவுதான் என்றாலும், மலிவையும் அளவையும் சேர்த்துப் பார்க்கையில் என் தேர்வு பருப்பே.

முட்டையிலும் பாலிலும் மெத்தியோனின் குறையும் இல்லை, புரதம் செரிப்பதில் சிக்கலும் இல்லை. ஒரு முட்டையில் சுமார் 450 மில்லிகிராம் லைசின் கிடைக்கிறது. 1889-இல் ஜெர்மன் வேதியியலாளர் டிரெக்சல் லைசினை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்திலிருந்துதான். குறைவாக உண்ணும் முதியவர்களுக்கு, சிறிய அளவிலேயே நிறையத் தரும் இவற்றையே முதலில் சொல்வேன்.

மாத்திரையில் இருக்கும் லைசின் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாராவது. அப்படித் தயாராவதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கே போகிறது. பருப்போ முட்டையோ அன்றாடம் உண்பவருக்கு இது தேவைப்படுவதில்லை. வாங்குவோர் லேபிளைக் கூர்ந்து படிப்பது நல்லது: 1,000 மில்லிகிராம் என்பது லைசின் ஹைட்ரோகுளோரைடின் எடையானால், அதில் லைசின் 800 மில்லிகிராம் மட்டுமே. ஐம்பது கிராம் பருப்பில் அந்த அளவு இருக்கிறது, கூடவே 12 கிராம் புரதமும் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் வருகின்றன.