ஆதார் கேட்டால் எதைக் கொடுப்பது: முழு செராக்ஸ், மறைத்த பிரதி, விஐடி, கைரேகைப் பூட்டு

லாட்ஜில், வாடகை வீட்டில், வேலைக்குச் சேரும் இடத்தில் என்று கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் செராக்ஸை நீட்டிவிடுகிறோம். 12 இலக்க எண், பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. அரசு மானியம் கணக்கில் ஏற வங்கியில் எண்ணைப் பதிவதுபோல முழு எண் கட்டாயம் தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே செராக்ஸ் கொடுத்தால் எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்து வெற்றிடத்தில் எழுதினால் அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்து மறுபடி நகலெடுத்துவிடலாம். எழுத்து, எண்ணையும் படத்தையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

லாட்ஜுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் மறைத்த ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டுப் பதிவிறக்கும்போதே அதற்கான கட்டத்தை டிக் செய்தால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும். ஆனால் பிறந்த தேதியும் முகவரியும் அப்படியேதான் இருக்கும். இன்னொரு ஓட்டை, பிரவுசிங் சென்டர். அங்கே பதிவிறக்கிய பிடிஎஃப் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். அதன் கடவுச்சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். நம்மைத் தெரிந்தவருக்கு அது பூட்டே அல்ல. அச்சடித்ததும் கோப்பை அழித்து, கணினியின் குப்பைத்தொட்டியையும் காலிசெய்து, தளத்திலிருந்து வெளியேறிய பிறகு எழுந்திருங்கள்.

விஐடி என்பது ஆதாருக்குப் பதிலாகத் தரும் 16 இலக்கத் தற்காலிக எண். அதை வைத்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கினால் பழையது செல்லாது. பாதுகாப்பில் இதுவே மேல். ஆனால் ஆன்லைனில் சரிபார்க்கும் இடத்தில்தான் உதவும், தாள் கேட்கும் இடத்தில் பயனில்லை.

இவை எல்லாமே இனிக் கொடுக்கப்போகும் எண்ணைத்தான் காக்கும். ஏற்கெனவே போன எண்ணுக்கு முக்கியமான காவல் கைரேகைப் பூட்டு, அதாவது ஆதாரில் நம் கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கிவைப்பது. ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் வங்கிப் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் இருந்தால் கார்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், பணம் வெளியே வந்துவிடும். பத்திரங்களில் பதிந்த ரேகையிலிருந்து சிலிக்கான் அச்செடுத்துத் திருடியிருக்கிறார்கள். எண்ணும் ரேகையும் ஒரே பத்திரத்தில் இருந்தால் திருடனுக்கு வேலை சுலபம். சொத்து வாங்கியவர், விற்றவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் முதலில் பூட்ட வேண்டியது இதைத்தான். மைஆதார் தளத்திலோ ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியிலோ இரண்டு நிமிட வேலை.

தொல்லை ரேஷன் கடையில் வரும். பூட்டியிருந்தால் விரல் ஏற்காது. வரிசை நெருங்கும்போது தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் கழித்துத் தானே பூட்டிக்கொள்ளும். முன்கூட்டித் திறந்தால் வீண். ஓடிபி வரும் போனை வெளியூரிலுள்ள மகன் வைத்திருந்தால், பொருள் வாங்கப் போகும் பெரியவர் திண்டாடுவார். பெரியவர் கையிலிருக்கும் போன் எண்ணை முதலில் ஆதாரில் பதிந்துகொள்ளுங்கள்.

பூட்டியபின் அதே தளத்தில் கடந்த 6 மாத அங்கீகார வரலாற்றை, அதாவது ஆதார் எப்போது, எந்த வழியில் சரிபார்க்கப்பட்டது என்ற பதிவைப் பாருங்கள். நீங்கள் விரல் வைக்காத நாளில் கைரேகைப் பதிவு இருந்தால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் சொல்லுங்கள்.