8 மணி நேரம் 80 கிலோமீட்டர்னு நம்பி ஏறினோம், 4,537 ரூபாய் போச்சு

வெள்ளிக்கிழமை நடந்தது. டிரிப் ஷீட், அதாவது நேரமும் கிலோமீட்டரும் எழுதற தாள், இன்னும் மேஜை மேலதான் கிடக்கு. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்து "மெட்ராஸைச் சுத்திக் காட்டு"ன்னு கேட்டு, டிரைவரோட கார் புக் பண்ணலாம்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் போனைத் தொடுங்க. என்னென்ன பார்த்து ஏறணும்னு கடைசியில வரிசையா சொல்றேன். முதல்ல 4,537 ரூபாய் எந்தெந்த ஓட்டை வழியா ஒழுகிச்சுங்கற கணக்கு.

தளத்தோட பேர் போடல. ஆன்லைன்ல வாடகைக் கார் புக் பண்ற தளம், அவ்வளவு போதும். சொந்தமா ஒரு வண்டிகூட இல்லாத தளம்.

பேசினது இது: எர்டிகா, 8 மணி நேரம், 80 கி.மீ., 3,400 ரூபாய். தாண்டினா கி.மீ.க்கு 18, மணிக்கு 250. அட்வான்ஸ் 1,500. காலையில 7 மணிக்கு ராயபுரம் கல்மண்டபத்துல பிக்கப். வந்தது 8:10. இறக்கிவிட்டது சாயங்காலம் 4:40. ஆக எட்டரை மணி நேரம். போன்ல ஓடிட்டிருந்த மேப் கணக்குப்படி நாங்க வண்டியில உட்கார்ந்து போனது 61 கி.மீ.

இப்ப பில்லைப் பாருங்க. பேக்கேஜ் 3,400. கூடுதல் 4 மணி நேரம், 1,000. கூடுதல் 63 கி.மீ., 1,134. டிரைவர் பேட்டா 400. பார்க்கிங் 350. டோல் 180. கூட்டினா 6,464. அதுக்கு மேல ஜிஎஸ்டி 5%, 323. மொத்தம் 6,787. அட்வான்ஸ் 1,500 கழிச்சியான்னு கேட்டா, அது "பதிவுக் கட்டணமாம்", பில்லுல சேராதாம். ஆக மொத்தம் கையை விட்டுப் போனது 8,287. நியாயமா எவ்வளவு வரணும்? பேக்கேஜ் 3,400, அரை மணி நேரம் கூட ஆனதுக்கு ஒரு முழு மணிக் காசு 250, சீட்டு இருக்கற பார்க்கிங் 100. 3,750. மீதி 4,537 ரூபாய்க்கு ஒரு காரணமும் கிடையாது.

அந்த 63 கி.மீ.தான் உச்சம். ஷீட்ல ஷெட் அவுட், அதாவது வண்டி நிறுத்தற இடத்துலேர்ந்து கிளம்பினது, காலையில 6:00, ஷெட் இன், அதாவது அங்க திரும்பினது, சாயங்காலம் 6:00, மொத்தம் 143 கி.மீ. ஷெட் எங்கன்னு கேட்டா பூந்தமல்லி! ராயபுரத்துல ஏறி ராயபுரத்துல இறங்குறவங்க பூந்தமல்லிக்குப் போக, வர காசு கட்டணும். போக 27, வர 27ன்னு வெச்சாலும் 61ம் 54ம் 115தான் ஆகுது. மிச்சம் 28 எங்க ஓடிச்சு? ஆரம்ப கிலோமீட்டரை அவர் தன் ஷெட்டுல தன் கையால எழுதினது. அதை யார் பார்த்தா? ஷெட் டு ஷெட் கணக்குங்கறது இந்தத் தொழில்ல இருக்கறதுதான், திருட்டு இல்ல. ஆனா அதை புக் பண்ணும்போதே சொல்லணும், ஷெட் எந்த ஏரியான்னும் சொல்லணும். இங்க அந்த வார்த்தை, பணம் கட்டின பிறகு வர்ற மெசேஜோட அடியில, விதிமுறைகள்னு தனியாத் திறக்கற பக்கத்துல பதினோராவது வரியா இருந்துச்சு.

நம்பின இடத்தைச் சொல்லணும். அங்கதான் கோட்டை விட்டது. வண்டி வந்து நின்னதும் டிரைவர் இறங்கி ஓடி வந்து, எழுபது தாண்டின பெரியம்மா கையைப் பிடிச்சு, "மெதுவா காலை வெய்ங்கம்மா"ன்னு பதமா ஏத்தி உட்கார வெச்சார். அப்புறம் டேஷ்போர்டுல இருக்கற குமிழை அழுத்திப் பிடிச்சு, "இங்க பாருங்கண்ணா, உங்க கண்ணு முன்னாடியே ஜீரோ பண்ணிட்டேன்"னு காட்டினார். 0.0ன்னு பளிச்சுன்னு விழுந்துச்சு. இதைவிட நேர்மையான ஆள் உண்டான்னு தோணிப்போச்சு. அதே சூட்டுல ஒரு ஷீட்டை நீட்டி, "வந்து ரிப்போர்ட் பண்ணதுக்கு ஒரு கையெழுத்துண்ணா, ஆபீஸ்ல கேப்பாங்க"ன்னார். கையெழுத்தும் போட்டாச்சு. கட்டம் எல்லாம் காலியா இருந்த ஷீட்ல!

அந்த 0.0 என்னன்னா, அது ட்ரிப் மீட்டர். குமிழைத் தட்டினா ஓடோமீட்டர், ட்ரிப் ஏ, ட்ரிப் பின்னு மாறும். ட்ரிப்ல வெச்சு அழுத்திப் பிடிச்சா அழிஞ்சிடும். எத்தனை தடவை வேணா அழிக்கலாம், அதை வெச்சு யாரும் பில் போட மாட்டாங்க. பில் வர்றது ஓடோமீட்டர் கணக்குல, வண்டி பிறந்ததுலேர்ந்து ஓடின மொத்தக் கிலோமீட்டர்ல. அந்த எண்ணை நமக்குக் காட்டவே இல்ல. சாயங்காலம் ட்ரிப் மீட்டரைப் பார்த்தா 19.4. "கேஸ் போட்டப்போ தானா அழிஞ்சிடுச்சுண்ணா." தானா அழியறதுக்கு அது என்ன சிலேட்டா?

கேஸ் கதை தனி. சிஎன்ஜி வண்டிகளுக்கு பங்க்ல வரிசை நீளம், அழுத்தம் குறைஞ்சா இன்னும் லேட் ஆகும். அதனால ஒழுங்கான டிரைவர் முதல் நாள் ராத்திரியே ரொப்பிட்டு வருவார். இவர் எங்களைக் கோட்டையில இறக்கிவிட்டுட்டு, "நீங்க மியூசியம் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல கேஸ் போட்டுட்டு வந்துடறேன்"னு போனவர் 55 நிமிஷம் கழிச்சு வந்தார். கேஸ் போடப் போன தூரமும் நம்ம பில்லு, நேரமும் நம்ம பில்லு. கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. தினமும் டூரிஸ்ட் ஏத்தற ஆளுக்கு அது தெரியாமலா "உள்ள போங்க, திறந்திருக்கும்"னு சொல்லியிருப்பார்? 1680ல கட்டின செயின்ட் மேரீஸ் சர்ச்சை வெளியிலேர்ந்து பார்த்துட்டு, வெயில்ல மரத்தடியில பெரியம்மாவோட நின்னது மிச்சம்.

லேட்டா வர்றதுல இன்னொரு நஷ்டம் ஒளிஞ்சிருக்கு. கோயில் நடை மத்தியானம் பன்னிரண்டு வாக்குல சாத்தி நாலு மணிக்கு மேலதான் திறக்கும். 7 மணிக்குக் கிளம்பினா திருவொற்றியூர் வடிவுடையம்மன், தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள், மயிலாப்பூர் கபாலீஸ்வரர் மூணையும் நடை சாத்தறதுக்குள்ள முடிக்கப் பார்க்கலாம். 8:10க்குக் கிளம்பி, நடுவுல 55 நிமிஷம் கேஸுக்கும் போனா கபாலி கோபுரத்தைத் தெருவுல நின்னு கும்பிட வேண்டியதுதான். அப்ப டிரைவர் சொல்வார், "சும்மா நிக்க வேணாம்ணா, பக்கத்துல நல்ல கைவினைக் கடை இருக்கு, ஏசி." அங்க வண்டி நுழைஞ்சாலே டிரைவருக்குக் காசு, நாம வாங்கினா தனிக் கமிஷன். 50 நிமிஷம் அங்க போச்சு. அர்மேனியன் தெருவுல இருக்கற 1772ஆம் வருஷத்து சர்ச்சுக்குப் போகணும்னா "பார்க்கிங் இல்லண்ணா". ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன், 1856லேர்ந்து நிக்குது, தென்னிந்தியாவோட முதல் ஸ்டேஷன், ஏறின இடத்துலேர்ந்து கூப்பிடு தூரம். அதுக்கும் "திரும்பறப்போ பார்த்துக்கலாம்". திரும்பறப்போ நேரா வீட்டு வாசல். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எட்டரைக்குக் காட்டினார். விடியறதுக்கு முன்னாடி ஏலம் நடக்கறப்போ பார்க்க வேண்டிய இடம் அது. அந்நேரத்துக்கு ஐஸ் தண்ணியும் காக்காவும்தான்.

டோல் 180 இருக்கே, அதுக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. நாங்க போன வழியில சுங்கச்சாவடியே கிடையாது. எந்த டோல்னு கேட்டா கொஞ்சம்கூடக் கூசாம "டோல்கேட்டுண்ணா, திருவொற்றியூர் போறப்போ தாண்டினமே"ங்கறார். வடசென்னைக்காரன்கிட்டயே! டோல்கேட்னு பஸ் ஸ்டாப் இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. காசு வாங்கற கேட் இல்ல. நிஜமா டோல் கட்டியிருந்தா ஃபாஸ்டேக்ல கழிஞ்சதுக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கும், எந்த இடம், எத்தனை மணின்னு இருக்கும். காட்டுங்கன்னதும் "அது ஓனர் போனுக்குப் போகும்".

வண்டியும் மெசேஜ்ல வந்த வண்டி இல்ல. அதுல இருந்தது மஞ்சள் போர்டு நம்பர், வாசல்ல நின்னது வெள்ளை போர்டு. "அந்த வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்குண்ணா, இது ஓனரோட சொந்த வண்டி, இன்னும் நல்லாருக்கும்." சொந்த உபயோகத்துக்கான வண்டியை பெர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டறது மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவுக்கு விரோதம். அதைவிட முக்கியம், தனியார் வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசியில வாடகைக்கு ஓட்டினா செல்லாதுன்னு எழுதியிருக்கும். வழியில ஏதாவது ஆனா கம்பெனி கையை விரிக்கும், உள்ள உட்கார்ந்திருக்கறவங்க கதி கோர்ட்டு படிக்கட்டு. அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைத் தட்டினா வாடகை வண்டிக்கு மோட்டார் கேப்னும், சொந்த வண்டிக்கு மோட்டார் கார்னும் வரும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு பண்ணாதது நம்ம தப்பு, ஒத்துக்கறேன்.

பணம் கொடுக்காம இறங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. பெரியவங்களோட பை, மருந்து எல்லாம் டிக்கிக்குள்ள. டிக்கி திறக்கல. தெருவே வேடிக்கை பார்க்குது. கொடுத்தாச்சு. அட்வான்ஸ் போனது ஒரு யூபிஐ பேருக்கு, இது இன்னொரு ஆள் பேருக்கு, ரெண்டுமே தளத்தோட பேர் இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சுது பந்து விளையாட்டு. டிரைவர்: "நான் அட்டாச்மென்ட் வண்டிண்ணா, ஆபீஸோட சொந்த வண்டி இல்ல, ஆபீஸ்ல பேசிக்கங்க." ஆபீஸ், அதாவது நடுவுல இருக்கற டிராவல்ஸ்காரர்: "ஷீட்ல உங்க கையெழுத்து இருக்கு சார், நாங்க என்ன பண்றது." தளத்தோட உதவி எண்: பதினெட்டு நிமிஷம் பாட்டு, அதுக்கப்புறம் ஒரு பொண்ணு, "டிரைவர் பார்ட்னரோட பேசித் தீர்த்துக்கங்க சார்." வாட்ஸ்அப்ல பில், மேப் படம் எல்லாம் அனுப்பினா ரெண்டு நீல டிக், பதில் இல்ல. சனிக்கிழமை காலையில ஒரு மெசேஜ்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். கூடவே அடுத்த பயணத்துக்கு 200 ரூபாய் கூப்பன். 4,537 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதுவும் அவங்க வண்டியிலயே மறுபடி ஏறினாத்தான்!

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 3,400ல 1,500ஐ தளம் முன்னாடியே எடுத்துக்குது. பேசினபடி நாம டிரைவர்கிட்ட கொடுக்க வேண்டியது மீதி 1,900தான். அதுல டிராவல்ஸ்காரர் தன் பங்கை உருவிட்டு, டிரைவருக்கு விடறதுல கேஸும் போடணும், வண்டி டியூவும் கட்டணும். கட்டாது. அதனால கழிக்காத அட்வான்ஸ், ஷெட் கிலோமீட்டர், பேட்டா, டோல், கைவினைக் கடைன்னு நம்மகிட்டதான் பிடுங்கணும். மார்க்கெட்டை விடக் குறைச்சு விலை போடறது அந்த நம்பிக்கையிலதான். டிரைவர் மேல எனக்கு இருக்கற கோபத்துல பாதி அந்தத் தளத்து மேலயும் இருக்கு. சரி, பாதிக்கு மேலயே.

இன்னொண்ணு, வடசென்னையைச் சுத்த காரே தேவையில்ல. எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்னா அரை மணி நேரம் அசையாது, 250 ரூபாய் மீட்டர் மட்டும் ஓடும். 2021லேர்ந்து மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் போகுது. திருவொற்றியூர் தேரடியில இறங்கினா கோயில் பக்கம். மண்ணடியில இறங்கினா காளிகாம்பாள் பக்கம். காசிமேட்டுக்கு விடியற்காலையில ஒரு ஷேர் ஆட்டோ. தெற்க போறதுக்கு மட்டும் கார் பேசுங்க.

வரிசையா சொல்றேன்னேன், பில்லைப் பார்த்தா மறுபடி ஏறுது, சுருக்கமா முடிச்சுக்கறேன். ஷெட் எங்க, பிக்கப் டு டிராப்பா ஷெட் டு ஷெட்டான்னு கேட்டு பதிலை மெசேஜ்ல வாங்குங்க. ஏறறப்போ ஓடோமீட்டரைப் படம் எடுங்க, ட்ரிப் மீட்டரை இல்ல. இறங்கறப்போ இன்னொரு படம். காலி ஷீட்ல கையெழுத்து வேணாம். அட்வான்ஸ் பில்லுல கழியுமான்னு கேளுங்க. பேட்டா பேக்கேஜுக்குள்ளயா வெளியவான்னும். சீட்டு இல்லாத பார்க்கிங், எஸ்எம்எஸ் இல்லாத டோல் கொடுக்காதீங்க. ஜிஎஸ்டி போட்டா 15 இலக்க எண் பில்லுல இருக்கணும், தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33ல ஆரம்பிக்கும். எங்க பில்லுல அந்த இடம் வெறும் கோடு. பையை மடியில வெச்சுக்கங்க, டிக்கியில வேணாம். வெள்ளை போர்டு வந்தா திருப்பி அனுப்புங்க.

1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிவு பண்ணியாச்சு. அட்வான்ஸ் வாங்கிட்டு ஆளே காணாமப் போன கேஸ்னா 1930, அது சைபர் கிரைம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது. ஷீட், ரெண்டு யூபிஐ ரசீது, மேப் படம், கூப்பன் மெசேஜ் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துட்டிருக்கேன். 4,537 ரூபாய்.