யமஹா எக்ஸ்டி500: சனி ஞாயிறுக்குப் போதும், திங்கட்கிழமைக்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும், பட்டனை அழுத்தினால் கிளம்ப வேண்டும், ராத்திரியில் பளிச்சென்று வெளிச்சம் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வாரக் கடைசியில் கூடாரத்தைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு மண் பாதையில் இறங்குவேன், வழியில் வண்டி மக்கர் செய்தால் உட்கார்ந்து சரிசெய்வேன், அந்த நேரத்தையும் சேர்த்தேதான் கிளம்புவேன் என்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1970களின் பிற்பகுதியில் வந்த பைக், பல கை மாறியது. அதனால் கீழே நான் சொல்லும் கோளாறுகளில் பாதி வயசால் வந்தவை, அவற்றுக்கெல்லாம் செய்தவர்களைக் குறை சொல்லக் கூடாது.

1976 மாடலாகச் சந்தைக்கு வந்த வண்டி இது. ஒற்றை சிலிண்டர், 499 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின், ஐந்து கியர், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. பாரிஸிலிருந்து சஹாரா பாலைவனம் தாண்டி டக்கார் வரை போகும் பாரிஸ்-டக்கார் பந்தயம் முதல் தடவை நடந்தபோது, 1979-இல், பிரெஞ்சு வீரர் சிரில் நெவூ ஜெயித்தது இதில்தான். 1980-இலும் அவரே, இதே வண்டியில். இதைக் கேட்டுவிட்டு ஏதோ பந்தய அசுரன் என்று நினைத்து ஏறினால் ஏமாந்துபோவீர்கள். குதிரைத்திறன் சுமார் 30தான். அவ்வளவு தூரம் பாலைவனத்தைத் தாண்ட வேகத்தைவிட, உடைந்தால் அங்கேயே சரிசெய்துகொள்ள முடிவதுதான் முக்கியம், அந்தக் குணம் இதில் நிறைய இருக்கிறது.

கிளப்புவதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேயே வெறுத்துப்போகிறார்கள். செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும்தான். சும்மா ஏறி உதைத்தால் 499 சிசி அழுத்தம் திருப்பி உதைக்கும், கணுக்கால் பத்திரம். முறை இதுதான்: கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் சுவர் மாதிரி நிற்கும். அங்கே கிளட்ச் பக்கம் இருக்கும், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் குட்டி டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கினால், சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலில் ஓர் அடையாளம் வந்து நிற்கும். லிவரை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் முழு நீளத்துக்கு ஒரே உதை. அவ்வளவுதான், வண்டி சரியாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். இதில் பலம் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். என்னைவிட ஒல்லியான நண்பர் ஒருவர் என்னைவிடச் சுலபமாகக் கிளப்புகிறார், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உதைத்து உதைத்துச் சிலிண்டருக்குள் பெட்ரோல் மண்டிவிட்டால் சாவியை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி சில முறை உதைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலில் நின்றுகொண்டு இதைச் செய்யும்போது வாயில் வரும் வார்த்தைகளுக்கு நான் பொறுப்பல்ல.

கிளம்பிவிட்டால் அருமை. கூழாங்கல் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் விட்டுவிட்டு, கை கொஞ்சமாகத் திருகினால் போதும், டப் டப் டப்பென்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு ஏறிவிடும், பின்சக்கரம் வழுக்குவதற்குள் அடுத்த பிடி கிடைத்துவிடும். இறக்கத்தில் எஞ்சினே பிரேக் பிடிக்கும். அதுவும் நல்லதற்குத்தான், ஏனென்றால் நிஜ பிரேக் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முன்னும் பின்னும் டிரம். ஓடையைத் தாண்டி வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து பிடிப்பே இருக்காது, கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக உரசவிட்டுக்கொண்டே ஓட்டி ஷூவை உலர்த்திய பிறகுதான் நம்பலாம். இது தெரியாமல் ஓடைக்கு அடுத்த வளைவில் வேகமாக இறங்குபவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதிர்வு! எஞ்சினுக்குள் அதிர்வை அடக்கும் எடை, அதாவது பேலன்ஸர், கிடையாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை சரி, அதற்கு மேல் தொடர்ந்து தார் ரோட்டில் போனால் விரல் மரத்துப்போகும், கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா மாடா என்று தெரியாது. போல்ட்டுகளும் சும்மா இருக்காது, தானாகக் கழன்றுகொள்ளும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சைலன்சர் போல்ட், எஞ்சின் மவுண்ட், இண்டிகேட்டர் தண்டு, இவை மூன்றையும் கையால் ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. போல்ட் மரை கழலாமல் பிடிக்கும் பசை போட்ட இடங்கள் மட்டும் அசையாமல் இருக்கின்றன.

சரி, பழுது பார்ப்பதற்கு வருவோம். இந்த வண்டிக்கு நான் மதிப்பெண் போடுவதே இதற்குத்தான்.

போன தடவை கிளட்ச் கேபிள் போனது. லிவருக்குள் உட்காரும் அந்த ஈயக் குமிழுக்கு அருகில்தான் எப்போதும் இழை இழையாகப் பிரியும். கையில் லிவர் திடீரென்று லேசாக வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கியர் மாற்றும்போது ஒரு சொரசொரப்பு தெரியும். பழைய வண்டிக்காரர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு: புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே இழுத்து, இரண்டு முனையையும் டேப் சுற்றி, வண்டியிலேயே வைத்துக்கொள்வது. அறுந்தால் டேங்கைக்கூடக் கழற்ற வேண்டாம், முனைகளை மாற்றி மாட்டினால் முடிந்தது. மாற்றுக் கேபிள் இல்லாவிட்டாலும் வீடு வந்து சேரலாம். நியூட்ரலில் கிளப்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, உருள ஆரம்பித்ததும் முதல் கியரைத் தட்ட வேண்டும். மேல் கியருக்குப் போக ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் மூடினால் தானாக விழும். நிற்பதுதான் கஷ்டம், அதனால் நிற்காமல் போகிற பாதையாகப் பார்த்துப் போக வேண்டும்.

கார்புரேட்டர் இன்னொரு கதை. மிக்குனி கம்பெனியுடையது, வாய் 32 மில்லிமீட்டர், எளிமையான உருப்படி. வண்டி சில வாரம் சும்மா நின்றால் மீந்த பெட்ரோல் பிசினாகி, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஐடில் ஜெட்டை அடைத்துவிடும். சோக்கு இழுத்தால் ஓடும், சோக்கை விட்டதும் செத்துவிடும் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், அதுதான். பெட்ரோல் குழாயை மூடி, இரண்டு பக்கக் கிளாம்பையும் தளர்த்தி, கார்புரேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அடியில் பெட்ரோல் தேங்கும் கப் கைக்கு வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஜப்பான் வண்டிகளின் பழைய திருகுகளுக்கு வாய் வேறு, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு; சாதாரண நட்சத்திரத் திருப்புளியை வைத்து அழுத்தினால் மேலேறி வந்து தலையை மழுக்கிவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான் கதி. பித்தளை ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு வட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மின் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி நுழைத்து எடுக்கலாம். இரும்புக் கம்பி கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் கணக்கே தப்பிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும் என்பதால், நிறுத்தி வைக்கும்போது கப்பைக் காலிசெய்துவிடுவது நல்லது.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம். நடு ஸ்டாண்ட் இல்லை. சைடு ஸ்டாண்டில் சாய்த்து எதிர்ப் பக்கம் ஒரு தடியை முட்டுக்கொடுத்தால் பின்சக்கரம் தூக்கும். டயரைக் கழற்றுவதில் வித்தை ஒன்றுதான்: நீங்கள் லிவர் போடும் இடத்துக்கு எதிரே டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு முக்கினாலும் வராது. முள் எங்கே என்று டயரின் உள்பக்கத்தை விரலால் தடவித் தேடாமல் புது ட்யூபைப் போடுகிறவர்கள் அடுத்த திருப்பத்திலேயே மறுபடி உட்காருவார்கள். ஒட்டும்போது பசை காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வரும் வரை காத்திருந்து பிறகு அழுத்துங்கள். மாற்று ட்யூப் ஒன்றே ஒன்றுதான் கொண்டுபோக இடம் இருக்கிறது என்றால் 21 அங்குல முன் ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து வீடு சேரலாம். பின் ட்யூபை முன்னால் போட முடியாது.

ஆயில் விஷயத்தில் புதிதாக வாங்கியவர்கள் எல்லோருமே குழம்புகிறார்கள். ஆயில் டேங்க் தனியாக இல்லை, வண்டியின் ஃபிரேம் குழாய்க்குள்ளேயே ஆயில் இருக்கிறது. சில நாள் நின்றால் அது மெல்லக் கசிந்து கீழே எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே ஒட்டாது, உடனே ஒரு லிட்டரை ஊற்றினால் அப்புறம் எல்லா இடத்திலிருந்தும் வழியும். ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

விளக்கு? 6 வோல்ட். மண் பாதையில் மெதுவாகப் போகும்போது ஆர்பிஎம் இறங்க, வெளிச்சமும் கூடவே இறங்கும், சரியாக உங்களுக்குப் பள்ளம் தெரிய வேண்டிய நேரத்தில். 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும் செட்டுகள் கிடைக்கின்றன, நான் மாற்றவில்லை. பொழுது சாய்வதற்குள் கூடாரம் அடித்துவிடுகிறேன்.

உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எஞ்சின் பக்கம் பயமில்லை. 1978-இல் வந்த யமஹாவின் தார் ரோட்டு பைக்குகளான எஸ்ஆர்500-உம் எஸ்ஆர்400-உம் இதே எஞ்சின் குடும்பம், அதில் எஸ்ஆர்400 2021 வரை தயாரிப்பில் இருந்தது, அதனால் தேய்கிற பல சாமான்களுக்குப் பஞ்சம் வரவில்லை. தகட்டுப் பாகங்கள், நல்ல நிலையில் உள்ள டேங்க், அசல் சைலன்சர், இவைதான் பிரச்சினை. டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே செந்தூளாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அந்தத் துரு வருஷக்கணக்கில் கார்புரேட்டருக்குள் வந்துகொண்டே இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. போன உடனே சிலிண்டர் துடுப்புகளில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்கிறவர் நீங்கள் வருவதற்கு முன்பே உதைத்து உதைத்துக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள், ஆறிய பிறகு வந்து நீங்களே கிளப்பிப் பாருங்கள்.