'சமைத்துப் பார்' முதல் பாகம்: பல வருடங்கள் அடுப்படியில் வைத்திருந்த அனுபவம்

சமையல் புத்தகத்தை வாங்கிய வாரத்திலேயே அதைப் பற்றி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாவடுக் காலம், ஐப்பசி மழை, மார்கழிக் குளிர் என்று ஒரு சுற்றாவது அது அடுப்படியில் இருக்க வேண்டும். விருந்தாளி வந்த நாளிலும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும், இரண்டு கத்திரிக்காயும் ஒரு மூடித் தேங்காயும் மட்டுமே மிச்சமிருந்த நாளிலும் அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்துவருகிறது. முதலில் அம்மாவிடம் இருந்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. சாம்பார், ரசம் வருகிற பக்கங்கள் மஞ்சள் ஏறித் தடித்துவிட்டன. அட்டையை இரண்டு முறை மாற்றித் தைத்திருக்கிறேன்.

முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் சமையலில் சந்தேகம் என்றால் மீனாட்சி அம்மாளுக்குத்தான் கடிதம் போடுவார்களாம். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிடப் புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதில் இந்த நூல் பிறந்தது. இது எப்படிப் பிறந்தது என்பது படிக்கும்போதே தெரியும். எதிரில் ஒரு புது மருமகள் நிற்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் மட்டமானவள் இல்லை என்ற பரிவோடு எழுதிய நடை. எதை முதலில் போடுவது, எப்போது கிளறுவது, எப்போது இறக்குவது என்று ஒவ்வொன்றும் சொல்லியிருக்கும். படம் கிடையாது, எனக்கு இதுவரை தேவைப்பட்டதும் இல்லை.

இந்தப் புத்தகம் செய்த பெரிய காரியம் அளவைச் சொன்னதுதான். 'கைப்பக்குவம்', 'கண் அளவு' என்ற பேச்சை நான் மதிக்கிறேன். ஆனால் கைப்பக்குவம் உள்ளவர் போய்விட்டால் அந்தக் குழம்பும் அவரோடு போய்விடுகிறது. என் பாட்டியின் மோர்க்குழம்பு அப்படிப் போனது. அம்மாவுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. எந்தப் புத்தகத்திலும் 'தேவையான அளவு' என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தேவை என்னவென்று தெரிந்தவர் புத்தகத்தை ஏன் திறக்கிறார்?

அளவைச் சொன்னாலும் அந்த அளவு இன்று புரிய வேண்டுமே. என்னிடம் இருப்பது பழைய பதிப்பு. ஆழாக்கும் பலமும்தான் அதில் இருக்கும். இந்தச் சிக்கலை நான் தனியாகத் தீர்க்கவில்லை. எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வதும் பூத் தொடுப்பதுமாக ஒரு சின்னக் கூட்டம் சேரும். திருநெல்வேலி அக்கா, காரைக்குடி ஆச்சி, வேலைக்காகத் தனியாக வந்து தங்கியிருக்கும் ஈரோட்டுத் தம்பி, நான். பிள்ளைகள் படிப்பு, தண்ணீர் லாரி, மாமியார் முட்டி வலி என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு அடுப்படியில்தான் போய் நிற்கும். புத்தகம் நடுவில் இருக்கும்.

"ஆழாக்கு என்றால் எத்தனை மில்லி அக்கா? என்னிடம் இருப்பது தராசு மட்டும்தான்" என்று தம்பி ஒருநாள் கேட்டார். எல்லார் வீட்டு ஆழாக்கையும் கொண்டுவரச் சொன்னேன். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி ஒன்று, நாட்டுப்புறத்துப் படி ஒன்று. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் எங்கள் வீட்டு ஆழாக்கு 200 மில்லிக்குச் சற்று மேல். அக்கா வீட்டில் இருந்தது அதைவிடச் சிறியது. அன்றைக்கே முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தோம்: என் ஆழாக்கில் தலை தட்டி அளந்த பச்சரிசி ஏறக்குறைய 170 முதல் 180 கிராம். ஒரு பலம் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. கிலோ கணக்கு நம் கடைகளுக்கு வரத் தொடங்கியதே 1958இல்தான். அதற்கு முன்பு எழுதிய புத்தகத்தில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதலில் இதைச் செய்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆயுளுக்கும் உதவும்.

இன்னொன்று, அளவுகள் பெரிய குடும்பத்துக்கானவை. தம்பி ஒருவருக்குச் சமைக்கிறார். எல்லாவற்றையும் கால் பங்காக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. புளித்தண்ணீர் கொதித்து வற்றுகிற அளவு பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. சின்ன அளவில் வைக்கும்போது தண்ணீரைக் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும், உப்பைக் கடைசியில் சரிபார்க்க வேண்டும். இதை அவர் கண்டுபிடித்துச் சொல்லி நான் ஓரத்தில் எழுதினேன்.

ரசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல சமையல் புத்தகத்தை நான் ரசத்தை வைத்துத்தான் எடைபோடுவேன். பச்சை வாசனை போகக் கொதித்த புளித்தண்ணீரில் பருப்புத் தண்ணீரை விட்டு விளாவி, நுரை கூடி மேலெழும்போது இறக்கும் முறை எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அந்த நாளில் பருப்பு வெண்கலப் பானையில் தாராளமான தண்ணீரில் வெந்தது. மேலே தெளிவாக நிற்கும் தண்ணீரே ரசத்துக்குப் போனது. இன்று குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து மூன்று விசில் விட்டால் கிடைப்பது மசியல்தான். தெளிந்த பருப்புத் தண்ணீர் இல்லை. அதைக் கரைத்து விட்டால் ரசம் மந்தமாகிச் சாம்பாரின் தங்கை போல நிற்கும். அக்காவின் வழி எளிமையானது. பருப்புக்கு மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் வைத்து, குக்கர் அடங்கியபின் கலக்காமல் பத்து நிமிடம் விட்டு, மேலாக இறுத்துக்கொள்வது. அன்றிலிருந்து எங்கள் நான்கு வீட்டிலும் இதுதான். புத்தகத்தின் சொல் ஒன்றும் மாறவில்லை. அது எழுதப்பட்ட பாத்திரம் மாறியதற்கு ஈடு கட்டினோம், அவ்வளவுதான்.

பாத்திரம் என்றதும் ஈயச் சொம்பு நினைவுக்கு வருகிறது. அதில் ரசம் வைத்தால் தனி மணம் உண்டு, மறுக்கவில்லை. "வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிடாதே, உருகிப் போகும்" என்பது ஆச்சி அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீரை விட்ட பிறகுதான் தீயைப் பற்றவைக்க வேண்டும். வாங்கும்போதும் கவனம் வேண்டும். காரீயம் கலந்த சொம்பு உடம்புக்குக் கெடுதல். கடைக்காரர் சுத்த வெள்ளீயம் என்று உறுதி தராவிட்டால் எவர்சில்வர் பாத்திரத்திலேயே வைத்துவிடுங்கள். கல்சட்டியில் வத்தக்குழம்பு வைப்பவர்கள், குழம்பு இன்னும் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். கல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு அதன்பிறகும் வற்றவைக்கும்.

மிளகாயும் புளியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. மாசி, பங்குனியில் வரும் புதுப் புளியின் நிறமும் புளிப்பும் வேறு. ஒரு வருடம் உப்புப் போட்டு வைத்துக் கறுத்த பழைய புளியின் தன்மை வேறு. மிளகாயில் குண்டூர் நீட்டு வகை ஒன்று, எங்கள் அம்மா வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒன்று. முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். உருண்டையான இந்த மிளகாயையும் நீட்டு மிளகாயையும் ஒரே எண்ணிக்கையில் போட்டால் குழம்பு ஒன்றாக இருக்காது. எண்ணிக்கையில் சொன்ன இடங்களில் எல்லாம் எந்த மிளகாய், எத்தனை கிராம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். சாம்பார்ப் பொடிப் பக்கத்தில் இப்போது அச்சைவிடப் பென்சில்தான் அதிகம்.

புத்தகத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது ஒரு சமூகத்தின், அதுவும் சைவச் சமையலின் நூல். அதற்குள் அது நிறைவானது. ஆனால் தமிழ்ச் சமையல் முழுவதும் இதில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வேகும் திருநெல்வேலிச் சொதியை, மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு இஞ்சிப் பச்சடியோடு பரிமாறும் அந்தச் சொதியை, நான் அக்காவிடம்தான் கற்றேன். தம்பியின் அரிசியும் பருப்பும் சோறு கொங்கு நாட்டில் வாரம் ஒருமுறையாவது வைப்பது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மேலே நெய். தனியாக இருக்கும் பிள்ளை இதை வைத்தே உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறார். மீன்குழம்புக்கும் கறிக்குழம்புக்கும் வேறு கைகளைத்தான் தேட வேண்டும்.

அளவைப் பற்றி நான் பிடிவாதமாகப் பேசுவதைக் கேட்டு ஆச்சி ஒருநாள், "நாங்கள் அளக்காமலா செய்கிறோம்?" என்று வெள்ளைப் பணியாரத்துக்கு அளந்து காட்டினார். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி நிரப்ப வேண்டும். அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக, வழிகிற மட்டும் குவிக்க வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு. டம்ளர் எந்த அளவில் இருந்தாலும் போதும், எழுத்துத் தெரியாதவருக்கும் தவறாது. பத்துப் பேருக்குச் செய்தாலும் டம்ளர் கணக்கைக் கூட்டினால் போயிற்று. தம்பி தராசில் வைத்துப் பார்க்க, ஒவ்வொரு முறை குவித்தபோதும் எடை ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. எனக்கு அது பெரிய பாடம். எழுதாத அளவு வேறு, அளவே இல்லாமை வேறு. ஆச்சியிடம் இருப்பது முதல் வகை. அதை எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே புத்தகத்தின் பின்னட்டைக்குள் கோடு போட்ட தாள்களைத் தைத்து, பணியாரம், கந்தரப்பம், சொதி எல்லாவற்றையும் அவரவர் சொல்லச் சொல்ல எழுதிவருகிறேன். யார் சொன்னது, எந்த மாதம், எந்த டம்ளர் என்பதும் அதில் உண்டு.

மாவடுவும் அந்தத் தாளில் இருக்கிறது. ஒரு படி வடுவுக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு. காம்பு உடையாத வடுவைக் கழுவி, ஈரம் போக நிழலில் துணியில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிய பிறகு ஜாடியில் உப்போடு அடுக்க வேண்டும். உப்பைக் குறைத்தால் தண்ணீர் விடும்போதே கெட்டுப்போகும். உப்புக் குறைவான உணவு வேண்டுபவர்கள் வடுவைக் குறைவாகச் சாப்பிடலாமே தவிர, ஜாடியில் உப்பைக் குறைக்க வழியில்லை. எங்கள் வீட்டில் ரத்த அழுத்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாளைக்கு ஒரு வடு என்று கணக்கு.

நூலின் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தாள் ஈரம் பட்டால் உடனே ஊறிவிடும். அடுப்பருகே பிரித்து வைக்காமல், அன்றைக்கு வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அலமாரியில் ஒட்டிக்கொள்வதே நல்லது. வேப்பிலையோ வசம்போ இரண்டு பக்கத்துக்கு நடுவில் வைத்தால் பூச்சி அண்டுவது குறையும். என் பதிப்பு கிழிந்துகொண்டே வருவதால் தம்பிக்குப் புதுப் பதிப்பு வாங்கிக் கொடுத்தோம். என் பென்சில் குறிப்புகளை அவர் அதில் படியெடுத்துக்கொண்டிருக்கிறார், அவருடைய தராசுக் கணக்கோடு.

புதிதாக வாங்குகிறவர்கள் பட்சணப் பக்கங்களில் தொடங்க வேண்டாம். பாகுப் பதம் விரலுக்குப் பழக நாளாகும். அதைத் தீபாவளிக்கு, கூட ஒரு பெரியவர் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒரு ரசம், ஒரு கூட்டு, ஒரு துவையல் மட்டும் எடுத்து, ஒன்றையும் மாற்றாமல் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உங்கள் வீட்டு டம்ளரை அளந்து முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். செய்ததைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, உப்பு, புளி, காரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற ஒரே பதிலோடு விட்டுவிடாதீர்கள்.