உள்மூலை விரிசல்: சாய்வுக் கம்பியா, ஓரக் கம்பியா, வெட்டு ஜாயிண்டா?

பெங்களூரில் 30க்கு 40 அடி மனையில் எழும் வீட்டின் கான்கிரீட் தளம் ஒழுங்கான செவ்வகமாக இருப்பது அபூர்வம். படிக்கட்டுக்கு ஒரு திறப்பு, வெளிச்சத்துக்கும் குழாய்களுக்கும் ஒரு டக்ட், முன்பக்கம் ஒரு வெட்டு என்று எட்டு, பத்து உள்மூலைகள், அதாவது கான்கிரீட்டுக்குள் குடைந்து நிற்கும் மூலைகள், வந்துவிடும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456, உலர்ந்து இறுகும் கான்கிரீட்டின் மொத்தச் சுருக்கத்துக்குத் தோராயமாக 0.0003 என்ற அளவைத் தருகிறது. 6 மீட்டர் நீளத்துக்கு அது 1.8 மி.மீ. பீம்களும் தூண்களும் தளத்தைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் பிறக்கும் இழுவிசை, உள்மூலையில் இரு திசைகளிலிருந்தும் வந்து ஒரே புள்ளியில் குவிகிறது. விரிசல் அங்கிருந்து ஏறக்குறைய 45 டிகிரியில் புறப்படுவதன் காரணம் இதுவே.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகளுள் முதன்மையானவை இரண்டு: திறப்பின் ஓரங்களில் கூடுதல் கம்பி வைப்பது, மூலையில் சாய்வாகக் கம்பி வைப்பது. இவற்றுள் ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று சைட்டில் பலரும் எண்ணுகிறார்கள். இரண்டின் வேலையும் வேறு. திறப்புக்காக வெட்டப்பட்ட கம்பிகள் சுமக்க வேண்டிய பாரத்தை ஓரக் கம்பிகள் ஏற்கின்றன. ஆகவே வெட்டிய கம்பிக்கு ஈடான அளவை இருபுறமும் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்தே ஆக வேண்டும், இதில் பேரம் கிடையாது. ஆனால் மூலை விரிசலை அவை சாய்வாகவே கடப்பதால், அதை இறுக்கிப் பிடிக்கும் திறன் குறைவு. சாய்வுக் கம்பியோ விரிசலுக்குச் செங்குத்தாகக் கிடப்பதால், அதே எடைக் கம்பியில் கூடுதல் பிடிப்பைத் தருகிறது. எந்தக் கம்பியும் விரிசல் பிறப்பதைத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொதுவான சூழலில் ஐஎஸ் 456 அனுமதிக்கும் 0.3 மி.மீ. அகலத்தை அது தாண்டாமல் காப்பதுதான் கம்பியின் வேலை.

என் அனுபவத்தில் சாய்வுக் கம்பி தோற்பது வரைபடத்தில் அல்ல, கட்டும் இடத்தில்தான். ஒரு சைட்டில் நான்கு மூலைகளிலும் 10 மி.மீ. கம்பிகள் இருந்தன; ஆனால் ஒவ்வொன்றும் இரண்டடித் துண்டு, அதுவும் கம்பியைப் பலகையிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இல்லாமல் சென்டரிங் பலகையை ஒட்டிக் கிடந்தது. தருமபுரிக்காரரான கம்பி மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "வெட்டினதுல மிஞ்சின துண்டுதான் சார், வீணாக்க வேண்டாமேன்னு வச்சேன்" என்றார். எம்20 ரகக் கான்கிரீட்டில் எஃப்இ500 ரகத்து 10 மி.மீ. கம்பி முழு வலுவைக் காட்ட, விரிசலின் ஒவ்வொரு புறமும் சுமார் 57 செ.மீ. பதிந்திருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய நான்கடி நீளம் தேவைப்படும் இடத்தில் அதில் பாதிதான் இருந்தது. 125 மி.மீ. தளத்தில் மூன்றாம் அடுக்காக இக்கம்பி நுழையும்போது நெரிசல் உண்டாவது மெய்தான். அதற்காகக் கவரை, அதாவது கம்பியை மூடிநிற்கும் கான்கிரீட்டை, தியாகம் செய்தால் துருப்பிடித்து வேறொரு விரிசல் வரும்.

தரைமீது நேரடியாகப் போடும் தளத்தில், அதாவது கார் நிறுத்துமிடத்திலோ கிடங்கிலோ, நான் கம்பியைவிட வெட்டு ஜாயிண்டையே தேர்வேன். உள்மூலையிலிருந்தே ஜாயிண்ட் புறப்படுமாறு திட்டமிட்டு, கான்கிரீட் விளிம்பு உதிராத அளவுக்கு இறுகியதும், பெரும்பாலும் அதே நாளிலோ மறுநாள் காலைக்குள்ளோ, தள கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு அறுத்துவிட்டால், விரிசல் நாம் காட்டிய கோட்டிலேயே விழும். மேல்மாடித் தளத்தில் இந்த வழி உதவாது.

ஃபைபர் கலந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு சொல்: பாலிப்ரொப்பிலீன் இழை முதல் சில மணி நேரத்து மேற்பரப்பு வெடிப்பைக் குறைக்கும், மாதக்கணக்கில் நிகழும் உலர்சுருக்கத்துக்கு அது கம்பிக்கு மாற்றாகாது. அதைவிட இந்த ஊரில் கியூரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பதற்கு, செலவிடுவது மேல். வெயில் சென்னையைப் போல் சுடுவதில்லை என்பதால் தண்ணீர் விடுவதில் அசட்டை வந்துவிடுகிறது; பிப்ரவரி, மார்ச் மாதத்து வறண்ட காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பீமிலும் படிக்கட்டிலும் கணக்கே வேறு. படியின் சாய்தளம் மேல் லேண்டிங்கோடு சேரும் இடத்தின் அடிப்பக்கம் ஓர் உள்மூலை. அங்கே அடிக்கம்பியை ஒரே துண்டாக வளைத்துக் கொண்டுபோனால், இழுவிசை வரும்போது கம்பி நிமிர முயன்று, கவர் கான்கிரீட்டைப் பிய்த்துத் தள்ளும். இத்தகைய வளைவைத் தவிர்க்கவே ஐஎஸ் 456 விரும்புகிறது. மாற்றாகச் சிலர் வளைந்த கம்பியை ரிங்குகளால், அதாவது சுற்றுக் கம்பிகளால், கட்டிப் பிடிக்கிறார்கள். செய்யக்கூடியதே, ஆனால் மெல்லிய தளத்தில் ரிங் செம்மையாக உட்காராது. இரு தனித்தனிக் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, எதிர்முகம் வரை சென்று பதியும் முறையே சிறந்தது. கூடுதலாகும் கம்பி ஒரு படிக்கட்டுக்குச் சில கிலோதான்.

கட்டி முடித்த தளத்தில் லிஃப்டுக்காகப் புதிதாகத் திறப்பு வெட்டுவோர், வெட்டலாமா என்று எஞ்சினியரிடம் உறுதிசெய்த பின், முதலில் நான்கு மூலைகளிலும் கோர் கட்டிங் எந்திரத்தால் வட்டத் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுக்கச் சொல்ல வேண்டும். நேராக அறுத்தால், அடிவரை வெட்டுவதற்காக ரம்பம் மூலையைத் தாண்டிச் செல்லும். மேற்பரப்பில் அது விடும் கீறல், மூலையருகே கம்பியையும் அறுத்துவிடக்கூடும்.