அஞ்சு பாக்டீரியா என்று விற்கிறார்கள், எண்ணினால் நாலுதான்

தொண்டிக்குத் தெற்கே எங்களுக்கு ரெண்டு இறால் குட்டை. வன்னாமி ரக இறால் குஞ்சு விட்டு 40 நாள் தாண்டினால் போதும், அடிச்சேறு கறுத்து அழுகின முட்டை வாடை வரும், அமோனியா ஏறும், அப்புறம் செக் டிரேயில் (இறால் தின்கிறதா என்று பார்க்கக் குட்டைக்குள் இறக்கும் தட்டு) வைத்த தீவனம் வைத்தபடியே கிடக்கும். இந்தத் தடவை தீவனக்கடைத் தம்பி ஒரு கிலோ புரோபயாட்டிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) பாக்கெட்டைக் கையில் திணித்தார். 780 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிரம்மில் நல்ல தண்ணீர், பாக்கெட்டிலிருந்து கொஞ்சம், ஒரு கிலோ வெல்லம், கொஞ்சம் தவிடு, உள்ளே ஒரு காற்றுக் குழாய், ராத்திரி முழுக்க ஊறல். விடியும்போது மேலே பழுப்பு நுரை கட்டி, புளித்த தோசை மாவு வாசம் வந்தது. வெயில் ஏறினதும் ஏரேட்டர் சுற்றும்போதே வீசினோம். மூன்று வீச்சுக்குப் பிறகு சேற்று நாற்றம் குறைந்தது நிஜம். லேபில் டிசிபிஎஸ் பிளேட் (விப்ரியோ கிருமிகளை வளர்த்து எண்ணும் தட்டு) போட்டுப் பார்த்தால், நெருக்கமாகக் கிடந்த பச்சைக் காலனிகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்திருந்தன (பச்சையைப் பார்த்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் அந்த நிறத்தில்தான் வரும்). ஆனால் அதே வாரம் தண்ணீரும் மாற்றினோம், அதனால் பேரை முழுசாகப் பாக்கெட்டுக்கே கொடுக்க மனசில்லை.

கோளாறு லேபிளில். ‘5 வகை பாக்டீரியா’ என்று பெரிசாகப் போட்டு, பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ், பேசில்லஸ் கோயாகுலன்ஸ், லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்று வரிசை. மைக்ரோபயாலஜி படிக்கிற அக்கா மகள் லீவுக்கு வந்தவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “மாமா, மூணாவதும் நாலாவதும் ஒண்ணுதான்.”

கதை இதுதான். கோயாகுலன்ஸுக்கு 1915-லேயே பெயர் வைத்தாயிற்று. 1933-ல் வேறு ஆட்கள் அதே கிருமியைக் கண்டு, லாக்டிக் அமிலம் சுரக்கிறதே என்று லாக்டோபேசில்லஸ் குடும்பத்தில் சேர்த்து ஸ்போரோஜீன்ஸ் என்றார்கள். ஆனால் லாக்டோபேசில்லஸ் எதுவும் ஸ்போர் (கிருமி உறங்கிக் கிடக்கும் கெட்டி உறை) கட்டாது, இது கட்டும். வேதியியல் பக்கம் போனால் இன்னும் தெளிவு: இதன் சவ்வில் கிளைவிட்ட கொழுப்பு அமிலங்கள், மூச்சுவிட மெனாகுவினோன்-7 என்ற வேதிப்பொருள், எல்லாம் பேசில்லஸ் வீட்டுச் சாமான். அதனால் ஸ்போரோஜீன்ஸ் என்ற பெயர் செல்லாது என்று எப்போதோ முடிவானது, பாக்கெட் அச்சடிக்கிறவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும் போல. அப்புறம் மரபணுவை முழுசாக ஒப்பிடுகிற காலம் வந்ததும் பேசில்லஸ் வீட்டையே பாகம் பிரித்தார்கள், 2020-ல் கோயாகுலன்ஸ் வெய்ஸ்மானியா ஆனது, 2023-ல் ஹெய்ண்ட்ரிக்சியா ஆனது. பிளாண்டாரமும் தப்பவில்லை, 2020-ல் லாக்டோபேசில்லஸில் இருந்த 260-க்கு மேற்பட்ட இனங்களை 25 பேரினங்களாகப் பிரித்தபோது அது லாக்டிபிளாண்டிபேசில்லஸ் ஆகிவிட்டது. வாயில் நுழையாத பெயர்தான்.

புதுப் பெயர் போடவில்லை என்று நான் சண்டைக்குப் போகவில்லை. அதற்கு நாளாகும், சரி. ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு கொடுத்து, தலைக்கு இவ்வளவு கோடி என்று சி.எஃப்.யூ (உயிருள்ள கிருமி எண்ணிக்கை) கணக்கைத் தனித்தனியாக எழுதியிருப்பதுதான் வயிற்றெரிச்சல். இல்லாத கிருமிக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கடைத் தம்பியிடம் கேட்டேன். “அண்ணே, பேரு எதுவா இருந்தா என்ன, இறால் என்ன லேபிளைப் படிச்சா திங்குது?” என்றார். பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டால், எடுத்த பையனுக்கு ஸ்ட்ரெயின் நம்பர் (ஒரே இனத்துக்குள் எந்த வகைக் கிருமி என்று காட்டும் எண்) என்றால் என்னவென்றே தெரியவில்லை, பேட்ச் நம்பரைப் படித்துக் காட்டினான்.

சேற்றுக்கு 5-க்கு 3 கொடுப்பேன். லேபிளுக்கு ஒன்று, அதுவும் காலாவதி தேதி தெளிவாக இருந்ததற்கு. மீதி அரைக் கிலோ இருக்கிறது, அதை வீசி முடித்துவிட்டு, ரெண்டே ரெண்டு பேசில்லஸ் பெயரும் ஸ்ட்ரெயின் நம்பரும் போட்ட வேறு பாக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், 90 ரூபாய் கூட.