வெஸ்ட்செயில் 32, வேலியண்ட் 40: எடை கிட்டத்தட்ட ஒன்று, நடை வேறு

இரண்டும் அமெரிக்காவில் 1970களில் பிறந்த, கடல் கடக்கும் பாய்மரப் படகுகள். வெஸ்ட்செயில் சுமார் 8.8 டன், வேலியண்ட் 10.2 டன். எடையில் இவ்வளவு நெருங்கி வந்தாலும் நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் உடலின் நீளம்) ஒன்றில் 27.5 அடி, மற்றதில் 34 அடி. ஓட்டத்திலும் குடியிருப்பிலும் தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த ஆறரை அடியிலிருந்துதான் வருகிறது.

வெஸ்ட்செயிலின் உடல் நார்வேயின் காலின் ஆர்ச்சர் வடிவமைத்த மீட்புப் படகுகளின் வழிவந்தது: முழுநீளக் கீல் (அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் முதுகெலும்பு), பின்முனைக்கு வெளியே தொங்கும் சுக்கான், முன்னால் நீளும் பவ்ஸ்பிரிட் தண்டு, பின்னால் நீளும் பூம்கின் தண்டு. வேலியண்ட் 1973இல் ராபர்ட் பெர்ரி வரைந்தது. பின்புறம் அதேபோல் கூர்முனை. தண்ணீருக்குக் கீழே மீன்துடுப்பு போன்ற குட்டையான ஃபின் கீல், ஸ்கெக் என்ற சிறு துருத்தம் தாங்கிய தனிச் சுக்கான். இரண்டிலும் கட்டர் ரிக்: ஒரே பாய்மரம், அதன் முன்னால் இரண்டு பாய்கள், பின்னால் மெயின் என்ற பெரும்பாய்.

கணக்குப்படி உடல்வேக எல்லை (நீர்க்கோட்டு நீளம் அனுமதிக்கும் வேகம்) வெஸ்ட்செயிலுக்கு 7.0 நாட் (மணிக்கு 7 கடல்மைல்), வேலியண்டுக்கு 7.8. நடைமுறையில் சரக்கேற்றிய வெஸ்ட்செயில் நாளொன்றுக்கு 120 கடல்மைல் போனால் நல்ல ஓட்டம். வேலியண்ட் 145ஐச் சிரமமில்லாமல் தரும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹொனலுலு 2,225 கடல்மைல். ஒன்று பதினெட்டரை நாள், மற்றது பதினைந்தேகால் நாளுக்குச் சற்று மேல். பின்காற்றில் இந்த மூன்று நாள் பெரிய இழப்பே இல்லை. ஆளுக்கு நாலு லிட்டர் வீதம் இருவருக்கு 24 லிட்டர் தண்ணீர் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போதுதான் வித்தியாசம் உடம்பில் தெரியும். ஹவாயிலிருந்து வடக்கே ஏறும் முதல் சில நூறு மைல்கள் வடகிழக்குக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வெஸ்ட்செயில் காற்றுக்குச் சுமார் 55 பாகையில் 5 நாட் போகும். வேலியண்ட் 47 பாகையில் 6 நாட். நேரெதிரே இருக்கும் 60 கடல்மைலைக் கடக்க முதலாவதுக்கு 21 மணி நேரம், இரண்டாவதுக்கு 15 மணி நேரம். அதிலும் குட்டையான செங்குத்து அலை வந்தால் வெஸ்ட்செயிலின் பருத்த அணியம் (முன்முனை) முட்டி வேகம் செத்துவிடும். அப்போது பாயைக் கூட்டுவதைவிட பத்துப் பாகை விலக்கி ஓட்டுவதே பலன் தரும்.

பக்கக்காற்றில் வெஸ்ட்செயில் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) கை வலிக்க இழுக்கும். காரணம் மெயின் பாயின் அடியைத் தாங்கும் நீண்ட பூம். முதலில் சுருக்க வேண்டியது மெயின் பாயை. முன்பாய்களை அப்படியே விடுங்கள். காற்று 15 நாட் தாண்டியதும் முதல் ரீஃப் போட்டால் (பாயை ஒரு மடிப்பு சுருக்கினால்) வேகம் குறையாது, காற்றைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கும் விண்ட்வேனும் தடுமாறாது. காற்று 8 நாட்டுக்குக் கீழே இருந்தால் இழுக்க மெல்லிய பெரிய முன்பாய் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் இந்தப் படகை மெதுவானது என்று குறைசொல்வது நியாயமில்லை.

புயலில் நிறுத்தி வைப்பதில் வெஸ்ட்செயில்தான் எங்கள் தேர்வு. ஸ்டேசெயிலை (உள்பக்க முன்பாய்) எதிர்ப்பக்கம் இழுத்து, மெயினை இரண்டு ரீஃபில் வைத்து, டில்லரைக் காற்றின் மறுபக்கம் கட்டிவிட்டால் அடங்கி நிற்கும். 1991 அக்டோபர் புயலில் ஆட்களை மீட்டபின் கைவிடப்பட்ட சடோரி என்ற வெஸ்ட்செயில் 32, பெரிய சேதமில்லாமல் மேரிலாந்து கரையில் ஒதுங்கியது. வேலியண்டும் நிற்கும், ஆனால் மெயினின் டிராவலரை (பூமைப் பிடிக்கும் கயிறு பக்கவாட்டில் நகரும் வண்டி) அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சரியான இடம் தேட வேண்டும். கவனிக்காவிட்டால் அணியம் விலகிப் படகு மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

குடியிருப்புக்கு வருவோம். 11 அடி அகலம் வெஸ்ட்செயிலின் நீளம் முழுக்க விரவியிருப்பதால் 32 அடிப் படகென்று நம்ப முடியாத கொள்ளளவு. அரை டன் டப்பா உணவும் கருவிகளும் ஏற்றினாலும் முகம் சுளிக்காது. குறை, ஒரே கூடமாக இருப்பது. ஒருவர் காவலில் இருந்து இறங்கி விளக்குப் போட்டால் மற்றவர் விழித்துவிடுவார். வேலியண்டில் பின்பக்கக் குவார்ட்டர் படுக்கை ஒதுங்கியிருப்பதோடு ஆட்டம் குறைந்த இடமும் அதுவே. எதிர்காற்றில் இரண்டிலுமே முன்னறையில் தூங்க முடியாது. நடுப்படுக்கைக்குத் துணித்தடுப்பு தைத்து வையுங்கள். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் காக்பிட் வெஸ்ட்செயிலில் ரொம்பச் சிறியது. அலை ஏறினால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பதற்காக அப்படி. ஆனால் துறைமுகத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

துறைக் கட்டணத்தில் வெஸ்ட்செயில் மலிவு என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. பவ்ஸ்பிரிட்டும் பூம்கினும் சேர்ந்தால் முனைக்கு முனை ஏறக்குறைய 40 அடி. அதை அளந்து பில் போடும் மரீனாவில் இரண்டுக்கும் ஒரே வாடகை. பின்னோக்கி எடுக்கும்போது வெஸ்ட்செயிலின் சுக்கான் வேகம் பிடிக்கும்வரை சொல் கேட்காது. ப்ரொப்பெல்லர் இழுக்கும் பக்கத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்து, கயிறு தயாராக வைத்துத்தான் இடத்தைவிட்டு நகர வேண்டும்.

பழைய படகு வாங்கும்போது வெஸ்ட்செயிலில் பவ்ஸ்பிரிட் மேல்தளத்துக் கட்டைகளோடு சேருமிடத்தைக் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் மரம் மக்கியிருக்கும். நீர்க்கோட்டருகே பாப்ஸ்டேயைப் (பவ்ஸ்பிரிட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கம்பி) பிடிக்கும் உலோகப் பட்டையைக் கழற்றி, போல்ட்டுகளின் நடுத்தண்டைப் பாருங்கள். வெளியே பளபளத்தாலும் காற்றுப்படாத இடத்தில் துருப்பிடித்து மெலிந்திருக்கும். அது அறுந்தால் முன்ஸ்டே (பாய்மரத்தை முன்னால் தாங்கும் கம்பி) தளர்ந்து பாய்மரமே போகும்.

வேலியண்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டிய ஆண்டு. 1976 முதல் 1981 வரை தீத்தடுப்பு ரெசின் (கண்ணாடி இழையைப் பிணைக்கும் பிசின்) கலந்து வார்த்த உடல்களில் கொப்புளங்கள் வந்தன, நீர்க்கோட்டுக்கு மேலேயும். கோளாறு ரெசினிலேயே இருப்பதால், உலர்த்தி எபாக்சி பூசும் வழக்கமான வைத்தியம் நிற்பதில்லை. உடலின் பலம் பெரும்பாலும் குறைவதில்லை, விலைதான் குறையும். அழகைப் பொருட்படுத்தாதவர் அந்தத் தள்ளுபடியில் வாங்கி, மிச்சப் பணத்தை ரிக்கிங் (பாய்மரக் கம்பிகள்) மாற்றச் செலவிடலாம். அதற்குமுன் பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் பட்டைகள் மேல்தளத்தைத் துளைக்கும் இடங்களைச் சுற்றி பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான ஓசை வந்தால் உள்ளிருக்கும் பால்சா மரம் நனைந்திருக்கிறது. அந்த வேலைக்கான மதிப்பீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேரம் பேசுங்கள்.